இரண்டாம் மாலை

செல்வமேரிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் சேலம் அம்மாபேட்டைத் தறிக்காரர்களைத்தான் காட்ட வேண்டும். அவள் குடியிருந்த தெருவில் விடிந்ததும் தொடங்குகிற தறிச் சத்தம் விளக்கு வைக்கும் வரை ஓயாது. அந்தச் சத்தத்துக்கு அண்ணனும் தங்கையும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சின்னப்பராஜ் ஒரு காலை எடுத்து வைப்பான். இவள் அவன் கண்ணைப் பார்த்து அடுத்த காலை வைப்பாள். அவன் பார்வை வலப்பக்கம் போனால் இவள் உடம்பும் வலப்பக்கம் போகும். தண்ணீர் சேந்த வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள். அப்பா உபகாரசாமி சேலம் நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர். ஆட்டம் பாட்டம் என்றாலே அவருக்கு ஆகாது. ஆனால் யாராவது புகழ்ந்து பேசினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லாமல் கேட்டுக்கொள்வார்.

ஐம்பத்தேழாம் வருஷம் மாதா கோயில் பங்கு இளைஞர் சங்கம் கிறிஸ்துமஸுக்கு நாட்டிய நாடகம் போடுவதென்று முடிவு செய்தது. பக்கத்துப் பங்கில் முந்தின வருஷம் போட்டுக் கூட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள். பாலன் பிறப்பைக் கொண்டாட அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றில் ஆர்மோனியம் வாசித்த அருணகிரியை வாத்தியாராகப் பிடித்தார்கள். அவரே கதையும் கட்டினார். புதிதாகக் கல்யாணமான ஓர் ஆட்டிடையனும் அவன் மனைவியும், குளிரில் வழி தவறி வந்த நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அவள் கணவனுக்கும் தங்கள் குடிசையை விட்டுக்கொடுப்பார்கள். வெளியே ஆட்டுக்குட்டிகளோடு படுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் குடிசையில் தொங்கும் கல்யாண மாலைகளை எடுத்துக்கொண்டுபோய்ப் பிறந்த குழந்தையின் காலடியில் வைப்பார்கள். கதை நன்றாகத்தான் இருந்தது.

பங்குச் சாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அந்நியப் பையனும் பொண்ணும் மேடையில கையப் புடிச்சிட்டு ஆடக் கூடாது. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்கிட்டத்தான் வந்து நிப்பீங்க."

சங்கத்தார் மூளையைக் கசக்கினார்கள். கடைசியில் ஒருவருக்கு வழி புலப்பட்டது. கூடப் பிறந்தவர்களைப் போட்டுவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? பங்கு முழுவதும் சலித்துப் பார்த்ததில் வயதும் ஆட்டமும் ஒத்த அண்ணன் தங்கை இவர்கள் மட்டும்தான் தேறினார்கள். சாமியாரும் சரியென்றார், சங்கமும் சரியென்றது. மானத்துக்குக் காவல் போட்டாயிற்று என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். அண்ணனையும் தங்கையையும் புருஷன் பெண்டாட்டியாக நிறுத்துகிறோமே என்று அத்தனை பெரிய மனிதர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

செல்வமேரிக்கு அப்போது பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. பதினொன்றாவது முடித்துவிட்டு டீச்சர் ட்ரெயினிங் போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அப்பாவும் எப்படியோ சம்மதித்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற டீச்சராக வேண்டும் என்று அவள் அண்ணனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அப்பாவிடம் அந்தப் பாதியைச் சொல்லவில்லை.

நாடகத்தன்று சாயங்காலம் கோயில் திடலில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் சீறின. திரை இழுப்பவன் அர்த்தநாரி, சின்னப்பராஜோடு படிக்கிற பால்காரர் வீட்டுப் பையன். திரைக்குப் பின்னால் நின்று சலங்கை கட்டிக்கொண்டிருந்த தங்கையின் பக்கத்தில் சின்னப்பராஜ் வந்து குனிந்தான்.

"மேரி, மொதப் பாட்டு முடியறப்ப குடிசையில தொங்கற மாலைய எடுத்து உன் கழுத்துல போடறேன். நீ இன்னொண்ண எடுத்து எனக்குப் போடு."

"எதுக்குண்ணா? அது கடைசில கொழந்தைக்கு வெக்கறதாச்சே."

"நாம புதுசாக் கல்யாணம் ஆனவங்கன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்? சும்மா சுத்திச் சுத்தி ஆடுனா ஒருத்தனும் கை தட்ட மாட்டான்."

"வாத்தியாரு என்ன சொல்வாரோ."

"கேட்டுட்டேன். செய்யின்னுட்டாரு."

அவன் யாரையும் கேட்கவில்லை. பக்கத்துப் பங்கு நாடகத்துக்கு விழுந்த கைத்தட்டல் ஒரு வருஷமாக அவன் காதிலேயே நின்றிருந்தது. அதைவிட ஒரு பங்கு கூடுதலாக வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். பதினேழு வயதுப் பையனுக்கு அது பெரிய பாவம் இல்லை. பாவம் மறுநாள்தான் நடந்தது.

அன்றைக்கு அவர்கள் ஆடியதுபோல அந்தத் திடலில் யாரும் ஆடியதில்லை. இதைப் பிற்பாடு சொன்னவர்கள் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியவர்களேதான். முதல் பாட்டு முடிகிற இடத்தில் அண்ணன் மாலையை எடுத்தான். அவன் கண் காட்டியதும் இவள் தலையைக் குனிந்தாள். அரளியும் சம்பங்கியும் கட்டிய மாலை கழுத்தில் கனமாக விழுந்தது. இவளும் இன்னொன்றை எடுத்து அவனுக்குப் போட்டாள். பின்வரிசைப் பையன்கள் தட்ட ஆரம்பித்தார்கள். அதற்குள் கோயில் பீடத்துத் துணிகளைத் துவைத்துப் போடுகிற பெரியநாயகி, கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவிங்களா! அண்ணங்காரன் தங்கச்சிக்கு மாலை போடறானே! கண்ணவிஞ்சு போயிட்டீங்களா எல்லாரும்?"

கைத்தட்டல் நின்றது. ஒரு கணம் விளக்குச் சீறல் மட்டும் கேட்டது. பிறகு கூட்டம் ஹோவென்று இரைந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆர்மோனியம் பாதியில் நிற்க, அர்த்தநாரி பயந்துபோய்த் திரையைப் போட்டுவிட்டான். செல்வமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூச்சு வாங்க அண்ணனைப் பார்த்தாள்.

"அடவு தப்பிப்போச்சாண்ணா?"

அவன் தன் கழுத்து மாலையைக் கழற்றித் தரையில் வீசிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சாமியார் பங்களா வராந்தாவில் விசாரணை. சங்கத்தார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் உபகாரசாமி காக்கிச் சட்டையோடு நின்றார். அம்மா சகாயம்மாள் தூணுக்குப் பின்னால் முக்காடு போட்டு நின்றாள். அருணகிரியை முதலில் கேட்டார்கள்.

"நான் சொல்லித் தந்த ஆட்டத்துல மாலை மாத்தறது கெடையாதுங்க சாமி. பூசை ரூம்ல கற்பூரத்த அணைச்சு வேணாலும் சத்தியம் பண்றேனுங்க."

அப்போதுதான் செல்வமேரிக்கு அண்ணன் பொய் சொன்னது தெரிந்தது. அதற்காக அவளுக்குக் கோபம் வரவில்லை. அண்ணன் இப்போது உண்மையைச் சொல்லிவிடுவான், இரண்டு பேருமாகத் திட்டு வாங்குவோம், முடிந்துபோகும் என்று நினைத்தாள். எப்போதும்போல அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் தரையில் இருந்தது.

"அப்ப யாரோட யோசனை அது?" என்றார் சாமியார்.

"அவதான் சாமி கழுத்த நீட்டுனா" என்றான் சின்னப்பராஜ். "அத்தனை பேரு முன்னால எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

"அண்ணா" என்றாள் அவள். அந்த ஒரு சொல்தான் வந்தது. அடுத்த சொல்லுக்குள் அப்பாவின் கை கன்னத்தில் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஆண் பிள்ளை சொல்லிவிட்டான், பெண் பிள்ளை அழுதுவிட்டாள், அதற்கு மேலே சாட்சி எதற்கு? பொட்டைப் பிள்ளைக்குப் புத்தி அலைபாய்ந்துவிட்டது என்று சங்கத் தலைவர் தீர்ப்புச் சொன்னார். அவரேதான் இருவரையும் ஜோடி சேர்த்த மேதாவி. சின்னப்பராஜ் ஒரு வாரம் ஜெபமாலை சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. செல்வமேரி கோயிலில் பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்பு விடுகிற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் உபகாரசாமி கதவைச் சாத்தினார். டிக்கெட் பையின் தோல் வாரைக் கழற்றி அடித்தார். அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்.

"அண்ணாவக் கேளுங்கப்பா. அண்ணாவக் கேளுங்க."

அண்ணன் அடுத்த அறையில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அம்மாவுக்கு உண்மை தெரிந்திருக்குமா என்றால், தெரிந்துதான் இருக்கும். பெற்றவளுக்குத் தெரியாதா? ராத்திரி முதுகில் விளக்கெண்ணெய் தடவியபோது மெல்லச் சொன்னாள்.

"உட்டுடு சாமி. அவன் ஆம்பளப் பையன், நாளைக்கு வேலைக்குப் போகணும்."

தெருப் பையன்கள் அவளைக் கண்டால் "மணப்பொண்ணு வாரா" என்று கத்தினார்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனவளைப் பெரிய சிஸ்டர் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்கள் வருத்தப்படுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ட்ரெயினிங் கனவு அந்த வாசலோடு முடிந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது என்பதால் உபகாரசாமி அதற்குள் அவளை யார் தலையிலாவது கட்டிவிடத் துடித்தார். பஸ்ஸில் வந்துபோகிற பழக்கத்தில் நாமக்கல் சவரியார் அகப்பட்டார். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் தச்சு வேலை. நாற்பதை நெருங்குகிற வயது. மனைவி பிரசவத்தில் செத்துப்போய் இரண்டு பையன்கள். அவர் பெண்ணைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. அவருக்குச் சமைக்க ஆள் வேண்டியிருந்தது.

கல்யாணத்தில் சவரியார் மாலையைப் போட்டபோது பின்னால் யாரோ சொன்னது செல்வமேரி காதில் நன்றாகவே விழுந்தது.

"பொண்ணுக்கும் ரெண்டாம் மாலை, மாப்பிளைக்கும் ரெண்டாம் மாலை. பொருத்தம் பாக்கவே வேண்டாம்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சின்னப்பராஜ் அன்றைக்குப் பந்தியில் தண்ணீர் பரிமாறிக்கொண்டிருந்தான். தங்கை உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் அவன் வரவில்லை.

நாமக்கல்லில் அவள் நாட்கள் எப்படிப் போயின என்று விலாவாரியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அடுப்பு, தண்ணீர், மூத்தாள் பிள்ளைகளின் துணி, பிறகு தனக்குப் பிறந்த ஒரு பெண் குழந்தை. சவரியார் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்றும் சொல்ல வாய் வராது. குழம்பில் உப்புக் கூடிவிட்டால் "அண்ணங்கிட்ட மாலை வாங்குனவதானே நீ" என்பார். குடித்திருந்தால் அதையே பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறாற்போல் சொல்வார். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பட்டறையில் நாலைந்து பேர் சேர்ந்து பலகைக்கு ஆணி அடிக்கும்போது சில சமயம் சத்தம் ஒரு தாளத்தில் சேர்ந்துவிடும். அப்போது சேலைக்குள் அவள் கால் தானாக அசையும். அசைவது தெரிந்ததும் காலை இழுத்துக்கொள்வாள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பாள்.

வருஷத்துக்கு ஒரு முறை கிறிஸ்துமஸுக்குச் சேலம் வருவாள். வரும்போதெல்லாம் அண்ணனைத் தனியாகப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்பாள்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருண்ணா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என் வாழ்க்கை திரும்பி வரவா போவுது? அப்பா சாவறதுக்குள்ள அவருக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? இன்னும் ஒரு வருஷத்துல படிப்பு முடிஞ்சிரும்" என்பான் முதலில். பிறகு வேலை கிடைக்கட்டும் என்றான். நூல் மில்லில் வேலை கிடைத்தது. கடைசியாக வந்தபோது கொஞ்சம் குழைந்தே பேசினான்.

"பொண்ணு பாத்துட்டு இருக்காங்க மேரி. இந்த நேரத்துல அந்தக் கதையெல்லாம் கெளம்புனா யாரு பொண்ணு குடுப்பா? கல்யாணம் முடியட்டும். சத்தியமாச் சொல்றேன்."

அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்து அவன் கண்ணைப் பார்த்தே கால் வைத்துப் பழகியவள் வேறென்ன செய்வாள்? வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், அண்ணன் அப்பா முன்னால் நின்று எப்படிச் சொல்வான், அப்பா அதைக் கேட்டு என்ன செய்வார் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அப்பா அழுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் அழுதால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டாள்.

அறுபத்தாறாம் வருஷம் மே மாதம் சின்னப்பராஜுக்குக் கல்யாணம். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், பெயர் அன்னாள். செல்வமேரி புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிட்டாள். நாத்தனார் முறைக்கு மாலைத் தட்டை அவள்தான் ஏந்த வேண்டும். தாலியின் மூன்றாம் முடிச்சையும் அவள்தான் போட வேண்டும். காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள்.

"மேரி, நீ அந்த மாலைத் தட்டத் தொட வேண்டாம் சாமி. பொண்ணூட்டுக்காரங்க காதுல எதுனா விழுந்து வெக்கும். சித்தப்பா மவ எடுத்துக்குவா. நீ பந்தியப் பாத்துக்க."

"சரிம்மா" என்றாள். இன்னும் அரை நாள்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பூசையின்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்று அண்ணன் மாலை போடுவதைப் பார்த்தாள்.

பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் பெண்ணின் அப்பா, அந்த வரிசையிலேயே நாலு இலை தள்ளி உபகாரசாமி, அவருக்கு அடுத்து சவரியார். எதிர் வரிசையில் அன்றைக்குத் திரை இழுத்த அர்த்தநாரி, இப்போது பெரிய மீசை வைத்திருந்தான். செல்வமேரி பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாக வந்தாள்.

"என்னடா சின்னப்பா, இன்னிக்காச்சும் ஆளப் பாத்து மாலையப் போட்டியா?" என்றான் அர்த்தநாரி உரக்க.

தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா அப்பளத்தை நொறுக்கியபடி கேட்டார்.

"அது இன்னா கதை மாப்ளே? எங்களுக்குந்தான் சொல்லேன்."

சகாயம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. சின்னப்பராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்தில் மாலை, பக்கத்தில் பெண்டாட்டி, இனி யாரும் எதையும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. அவன் சிரித்தான்.

"அது ஒண்ணுமில்லீங்க மாமா. சின்ன வயசுல கோயில் நாடகத்துல எங்க தங்கச்சியும் நானும் ஆடுனோம். கை தட்டு வாங்கலாம்னு நானா ஒரு யோசனை பண்ணி மாலைய எடுத்து அவ கழுத்துலயே போட்டுட்டேன். வாத்தியாரக் கேட்டாச்சுன்னு அவகிட்ட ஒரு புளுகு வேற. ஒரு கெழவி எந்திரிச்சுக் கூப்பாடு போட்டுக் காரியத்தையே கெடுத்துட்டா போங்க!"

பந்தி குலுங்கியது. பெண்ணின் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "பலே ஆளுய்யா நீ" என்று மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். சவரியாரும் சிரித்தார். புது மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அவ்வளவுதான். எட்டு வருஷமாக அவள் காலில் விழாத குறையாகக் கேட்ட வார்த்தை, அப்பளத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில் வந்து விழுந்துவிட்டது. ஒரு எழுத்துக் குறையாமல், உள்ளது உள்ளபடி. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்றுகூடச் சொல்லலாம்.

செல்வமேரி அப்பாவைப் பார்த்தாள். உபகாரசாமி சிரிக்கவில்லை. அவருக்குக் காதில் விழுந்திருந்தது. கை ஒரு கணம் இலையில் நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கப் போகிறார் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிரவில்லை. சோற்றைக் குழித்துக்கொண்டார்.

"பழசையெல்லாம் எதுக்குக் கெளறிட்டு" என்றார். "மோரு கொண்டாரச் சொல்லும்மா."

"மேரி, எனக்கு ஊத்து" என்று சின்னப்பராஜ் இலையைக் காட்டினான். அவள் கரண்டியால் மொண்டு ஊற்றினாள். போதும் என்று அவன் கையால் மறித்தான். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டு வாளியையே சாய்த்தாள். பாயசம் இலை தாண்டி, பட்டு வேட்டியில் வழிந்து, மடி நிறைந்தது. சூட்டில் அவன் துள்ளி எழுந்தான்.

அடுத்த நொடி முன்னைவிடப் பலமாகச் சிரிப்பு வெடித்தது.

"தங்கச்சி பழி வாங்கிட்டாடோய்!" என்று அர்த்தநாரி இலையில் தட்டிச் சிரித்தான். பெண் வீட்டார் கை தட்டினார்கள். நாத்தனார் கேலி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் மெச்சினாள். சின்னப்பராஜும் வேட்டியை உதறிக்கொண்டே சிரித்தான்.

அவள் வாளியைப் பந்தி நடுவிலேயே வைத்தாள். பந்தலுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

"எங்கடி போற?" என்று சவரியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். "நான் இன்னும் மோரு ஊத்திக்கல!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பந்திக்கு மோர் வந்தது. வேறு யாரோ ஊற்றினார்கள்.